ஸ்ரேஷன் மாஸ்ரரின் மூன்று பெண்கள்

என் அக்காவின் புருஷன் நகுலேஸ்வரனை மொன்றியல் நகரத்து லாசாலில் இருக்கிற தமிழ்ச்சனம் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடும். எந்தப் பள்ளிக்கூடத்து மாஸ்ரர் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுத்தவர். மொன்றியலுக்கு வந்தபின் ஒரு தையல் தொழிற்சாலையில் பொத்தான் அடித்தார். அதை மூடியதும் நகரத்துக்குள் ஒரு கார் தரிப்பிடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் குந்தியிருந்தார். கடைசியில் இடுப்பு நோகிறது என்று சொல்லி வீட்டோடு வந்துவிட்டார். பொத்தான் அடிப்பது கேவலம் என்று நான் சொல்லவரவில்லை. நானே டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் தட்டு அடுக்குகிறவள், எனக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது? ஆனால் பொத்தான் அடித்த மனிதர் தன்னை மாஸ்ரர் என்று சொல்லிக்கொண்டு நாலு பேரைக் கெடுக்கிறபோது எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருப்பது ஒரே வீடு. கீழே அக்கா இந்திராதேவியும் அவரும், மேலே நானும் என் குடும்பமும். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் பேஸ்மென்றில் ஆங்கில வகுப்பு வைப்பார். காசு வாங்கமாட்டார். அதை ஒரு பெரிய தியாகமாக ஊரெல்லாம் சொல்லித் திரிவார். காசை வாங்கியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். அவருக்கு வேண்டியது, பத்துப் பதினைந்து பேர் கதிரையை விட்டு எழும்பி நின்று “வணக்கம் மாஸ்ரர்” என்று சொல்வது. வெள்ளைப் பலகைக்கு முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார். பேஸ்மென்றில் கோட்டு! சூடு வருகிற குழாய் வழியாக அவருடைய குரலும் என் குசினிக்குள் வந்து விழும். கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எத்தனையோ தடவை மறந்திருக்கிறேன்.

அவர் முழு ஆங்கிலமும் படிப்பிப்பதில்லை. இரண்டு வசனத்தை ஒட்டுகிற சொற்களை மட்டும்தான் படிப்பிப்பார். அதுதான் ஆங்கிலத்தின் உயிர் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

“தமிழிலை நாங்கள் என்ன செய்யிறம்?” என்று தொடங்குவார். “வினைக்கு ஒரு வாலை ஒட்டிப்போட்டு இழுத்துக்கொண்டு போறம். வந்து, இருந்து, சாப்பிட்டு, கையைக் கழுவிப்போட்டுப் போனான். இங்கிலீசிலை அந்த விளையாட்டுச் சரிவராது. ஒவ்வொரு வசனமும் தனித்தனிப் பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலை ஒரு கொளுக்கி வேணும். கொளுக்கி தெரிஞ்சவன் ஒஃபிசர். தெரியாதவன் சாகுமட்டும் கூலி.”

இதுவரைக்கும் சரி என்றே வைத்துக்கொள்வோம். இந்த நகரத்தில் ஆங்கிலம் கதைக்கிற சனம், பஸ்ஸிலும் வேலையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும், ‘அன்ட்’, ‘பட்’, ‘சோ’, ‘பிகோஸ்’ என்கிற நாலு கொளுக்கியை வைத்துத்தான் சீவியத்தை ஓட்டுகிறது. பஸ் வரவில்லை, சோ நடந்தேன். பசிக்குது, பட் நேரமில்லை. இதில் என்ன குறை? மாஸ்ரருக்கு இந்தச் சொற்களைக் கண்ணில் காட்டக்கூடாது. அவை ‘றோட்டுச் சொல்லுகள்’. அவர் கொடுப்பது ‘ஓல்தோ’, ‘நெவர்தலெஸ்’, ‘மோரோவர்’, ‘ஹென்ஸ்’. எல்லாவற்றுக்கும் மேலே ‘நொட்வித்ஸ்ராண்டிங்’. அதைச் சொல்லும்போது கோயிலில் தீபம் காட்டினதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார்.

இதிலே பெரிய பகிடி, இது பிரெஞ்சு நடக்கிற ஊர். முப்பது வருஷத்தில் அந்த மனிதர் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டைத் தாண்டவில்லை. மின்சாரக்காரன் வந்து பெல் அடித்து பிரெஞ்சில் ஏதாவது கேட்டால், மாஸ்ரர் நேரே கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். அக்காதான் ஈரக்கையோடு ஓடிப்போய்க் கதைப்பாள். அவன் போனபிறகு வெளியே வந்து, “என்னவாம்?” என்று கேட்பார் நாட்டாமை.

ஒரு சாமத்திய வீட்டில், பூப்புச் சடங்கில், அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளையை வாழ்த்திவிட்டு இறங்குவதுதானே மரியாதை? பெரிய மண்டபம், மேடையில் பிள்ளை கனமான சேலையோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறாள், சனம் சாப்பாட்டு மணத்தில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. இவர் மைக்கைப் பிடித்து ‘நொட்வித்ஸ்ராண்டிங்’ என்று தொடங்கினார். ஒரு வசனம் முடியுமுன் இன்னொன்றைக் கொளுவி, அதற்கு மற்றொன்றைக் கொளுவி, கடைசியில் தொடங்கினது எது என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த சின்னன்கள் பிரெஞ்சில் “இந்த மாமாவுக்கு என்ன வருத்தம்?” என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டன. முடிந்ததும் சனம் கைதட்டியது. விளங்காததற்குக் கைதட்டுவதில் எங்கள் சனத்தை யாராலும் வெல்ல முடியாது.

ஒரே ஒருவன்தான் அவரிடம் நேரே கேட்டான். ஹரிபிரசாத் என்று சென்னைப் பெடியன், நகரத்துக்குள் ஒரு கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தான். தமிழ்க் கூட்டமென்று யாரோ பிழையாகச் சொல்லி ஒரு சனிக்கிழமை வந்து மாட்டிக்கொண்டான்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஆபீஸ்ல யாரும் இப்படிப் பேசறதில்ல. மேனேஜரே ‘சோ’, ‘பட்’டுனுதான் பேசறாரு. இப்படிப் பேசினா சிரிப்பாங்க சார்.”

“தம்பி, நீர் மெசினோடை கதைக்கிற ஆள். நான் மனிசரோடை கதைக்கப் படிப்பிக்கிறன்” என்றார் மாஸ்ரர். வகுப்பு முழுக்கக் கெக்கட்டமிட்டுச் சிரித்தது. பெடியன் அதற்குப் பிறகு வரவில்லை, தப்பிவிட்டான்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் என்னோடு அதே கிச்சினில்தான் வேலை. நான் சூடான பக்கம். அவள் குளிர் அறையில், சலாட்டும் கேக்குத் துண்டும் தட்டில் வைக்கிற இடத்தில். எட்டு மணித்தியாலம் ஐஸ் பெட்டிக்குள் நிற்கிறமாதிரி. வருஷக்கணக்காக நின்று நின்று அவளுடைய விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போயிற்று. காலையில் கோப்பையின் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிப்பாள். டொக்டர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், குளிரை விட்டு வெளியே வராவிட்டால் கை போய்விடும் என்று.

வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. சாப்பாட்டு வண்டில்களை எந்த விமானத்துக்கு எப்போது அனுப்புவது என்று பார்க்கிற ‘லீட்’ வேலை காலியானது. சூடான கண்ணாடி அறை, ஒரு கதிரை, ஒரு ரெலிபோன். விமானக் கொம்பனிக்காரர்களோடு கதைக்க ஆங்கிலம் வேண்டும் என்பதால் நேர்முகத்தை ஆங்கிலத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். அக்காவை விண்ணப்பிக்கச் சொன்னதே எங்கள் மனேஜர் மடாம் திபோதான். சும்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாரிக் குளிரில் பிள்ளைகளுக்கான சாப்பாட்டையும் சைவச் சாப்பாட்டையும் மாறி ஏற்றிக்கொண்டு ஒரு ட்ரக் கிளம்பப் பார்த்தது. அக்கா கையுறையோடு ஓடிப்போய் அதற்கு முன்னால் நின்று கத்தினாள்.

“நோ கோ! றோங் ஃபூட்! யூ கோ, சோ பேபி ஹங்ரி, சோ மதர் ஆங்ரி, சோ போஸ் கில் மீ அன்ட் யூ!”

ட்ரக் நின்றது. ட்ரைவர் சிரித்துச் சிரித்துத்தான் மாற்றி ஏற்றினான். மடாம் திபோ அதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றவள். அக்காவின் ஆங்கிலம் அப்படித்தான் இருந்தது. பிழை கொட்டிக் கிடக்கும், ஆனால் கேட்கிறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. பிலிப்பினோக்காரி மரிசெல்லோடு நாள் முழுக்கக் கதைத்துச் சிரிப்பாள். ஹெய்ட்டிக்காரரோடு பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். ஒரு கூச்சமும் கிடையாது.

நேர்முகம் என்று வீட்டில் சொன்னாள், வினை பிடித்தது.

“நேர்முகத்துக்கு உன்ரை கிச்சின் இங்கிலீசோடை போய் என்ரை மானத்தை வாங்காதை” என்றார் அத்தான். “நான் எழுதித் தாறன். பாடமாக்கு.”

அதே வேலைக்கு எங்கள் கிச்சினிலிருந்து அஜந்தாவும் வினோஜாவும் விண்ணப்பித்திருந்தார்கள். இரண்டு பேரும் அவருடைய வகுப்புப் பிள்ளைகள். அவர்களும் மாஸ்ரரிடம் ஓடிவந்தார்கள். பேஸ்மென்றில் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆளுக்கொரு பதில் எழுத அந்த மனிதருக்குச் சரக்கு எங்கே? ஒரே பதில்தான். அதுவும் புதிதாக எழுதினது கிடையாது. வந்த புதிதில் ஏதோ ஒரு வங்கி வேலைக்கென்று தனக்காக எழுதி வைத்திருந்ததை எடுத்து, மகன் என்று இருந்த இடத்தில் மகள் என்று மாற்றிவிட்டார்.

சூடு குழாய் வழியாக அது ஒவ்வொரு பின்னேரமும் என் குசினிக்கு வந்தது. “ஓல்தோ நான் ஒரு தூரத்துச் சிறு நகரத்தில் ஸ்ரேஷன் மாஸ்ரரின் மகளாகப் பிறந்தேன், நெவர்தலெஸ் ரயில்கள் எனக்கு நேரந்தவறாமையைக் கற்பித்தன, மோரோவர் என் தந்தையின் கண்டிப்பு என்னைச் செதுக்கியது, ஹென்ஸ் நான் இந்தப் பதவிக்குப் பொருத்தமானவள்.” மூன்று பெண்களும் ஒரே ராகத்தில், தேவாரம் பாடுகிறமாதிரி.

ஸ்ரேஷன் மாஸ்ரர்! எங்கள் அப்பா அச்சுவேலியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ரியூப் ஒட்டி, செயின் மாற்றி, எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர். அஜந்தாவின் தகப்பன் கடற்றொழில். வினோஜாவின் தகப்பன் ஊரில் தபால்காரர். அத்தானுடைய தகப்பன்கூட ஸ்ரேஷன் மாஸ்ரர் இல்லை. ரயில் கடவையில் கேற் பூட்டித் திறந்த நல்ல மனிதர் அவர், அந்தத் தொழிலில் என்ன வெட்கம்? வெட்கமெல்லாம் இந்த மகனுக்குத்தான்.

மூன்று பேரில் ஒருத்திக்குக்கூட அது பிழையாகப் படவில்லை என்றால் நம்புவீர்களா? நான் நம்புவேன். ஊரில் ரியூசனில் எங்களை அப்படித்தானே வளர்த்தார்கள். ‘எனது தந்தை’ என்று கட்டுரை வந்தால், சேர் எழுதிப்போட்டதை அப்படியே பாடமாக்கி, வகுப்பிலிருக்கிற நாற்பது பேரும் எங்கள் தந்தை ஒரு வைத்தியர் என்று சோதனையில் எழுதிவிட்டு வருவோம். பொய் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மாதிரி விடை என்றால் மாதிரி விடைதான். அதில் கைவைக்கிறவனுக்குப் புள்ளி குறையும்.

உடுப்புத் தோய்க்கிற மெசினடியில் அக்காவைப் பிடித்தேன்.

“அக்கா, உனக்கென்ன விசரே? உந்தக் கண்டறியாத இங்கிலீசை விட்டுப்போட்டு, உன்ரை வாயாலை கதை. ட்ரக்குக்கு முன்னாலை நிண்டு கதைச்சமாதிரிக் கதை. மடாமுக்கு அதுதான் பிடிச்சது.”

“சும்மா இரடி வித்தியா. அந்த மனிசன் எனக்காக இவ்வளவு பாடுபட்டுச் சொல்லித் தருது.”

“பாடோ? அவருக்கு நீ மேடையடி!”

“மெல்லமாக் கதை, கேக்கப்போகுது.” பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “எனக்கு உந்த வேலை வேணும் வித்தியா. பிழைவிட்டுப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கு. பாடமாக்கினால் பிழை வராதெல்லே.”

கவனித்தேன், அந்தக் கிழமைகளில் வேலைத்தலத்திலும் அவள் வாய் அடங்கிப்போயிற்று. மரிசெல் ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லுகிறவள், இப்போது உதட்டை அசைத்து உள்ளுக்குள் எதையோ தேடிவிட்டு, கையால் காட்டினாள். ‘சோ’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினதை நானே கண்டேன். றோட்டுச் சொல்லல்லவா.

நேர்முகத்துக்கு யூனியன் சார்பில் ஓராள் உள்ளே இருக்கவேண்டும் என்பது எங்கள் கிச்சினில் வழக்கம். வாய் திறக்கக்கூடாது, பார்த்துக்கொண்டிருக்கலாம். சொந்தக்காரி என்று நான் மறுத்துப் பார்த்தேன். இங்கே யார் யாருக்குச் சொந்தமில்லை என்று சொல்லி என்னையே இருத்திவிட்டார்கள்.

மடாம் திபோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் கெபெக் நாட்டுப்புறத்தில் பால்மாடு வளர்த்த குடும்பத்துப் பெண். அவளுடைய ஆங்கிலமும் எங்களுடையதைப்போல வளர்ந்தபிறகு பிடித்த ஆங்கிலம்தான். ‘சோ’, ‘பட்’ இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய கிச்சினை நடத்துகிறாள். எங்கள் மாஸ்ரரோ லண்டன் நீதிமன்றத்துக்கு முன்னால் நிற்கிறமாதிரி இவர்களை மினுக்கி அனுப்பியிருந்தார்.

முதலில் அஜந்தா வந்தாள். உன்னைப் பற்றிச் சொல்லு என்று மடாம் கேட்டாள். அஜந்தா முதுகை நிமிர்த்தி, எதிரே இருந்த சுவரைப் பார்த்து, ஓல்தோவில் தொடங்கி ஹென்ஸில் இறங்கினாள். மடாம் புருவத்தை உயர்த்தி, “நல்லது” என்று எழுதினாள்.

அடுத்தது வினோஜா. ஓல்தோ நான் ஒரு தூரத்துச் சிறு நகரத்தில் ஸ்ரேஷன் மாஸ்ரரின் மகளாகப் பிறந்தேன். மடாமின் பேனை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். நடுவில் எத்தனை வருஷம் வேலை என்று ஏதோ கேட்டாள் மடாம். வினோஜா அறுந்துபோனாள். அறுந்த இடத்திலிருந்து பிடிக்கத் தெரியாமல், மறுபடியும் ஓல்தோவிலிருந்து தொடங்கினாள். பாடமாக்கினவர்களுக்கு நடுவில் ஏற வழியில்லை.

மூன்றாவதாக என் அக்கா.

நல்ல நீலச் சட்டை போட்டு, தலையை இறுக்கி வாரி, வீங்கின விரல்களை மடியில் ஒளித்துக்கொண்டு இருந்தாள். அவளைக் கண்டதும் மடாமின் முகம் மலர்ந்தது. “ஆ, இந்திரா! சோ, சொல்லு” என்றாள்.

“ஓல்தோ,” என்றாள் அக்கா, “ஐ வோஸ் போர்ன் த டோற்றர் ஒஃப் எ ஸ்ரேஷன் மாஸ்ரர்…”

மடாம் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கெட்ட சிரிப்பென்று சொல்லமாட்டேன், அவளால் அடக்க முடியவில்லை, கண்ணால் தண்ணீர் வந்தது. “உன் அப்பாவுமா? இந்த ஸ்ரேஷன் மாஸ்ரருக்கு எத்தனை பெண்கள்? பட், வித்தியா உன் தங்கைதானே? சோ, அவளும் அவருக்கு மகளா?”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்பாவின் கறுத்த எண்ணெய்க் கைகள் நினைவுக்கு வந்தன. அவர் ரியூப் ஒட்டி வளர்த்த பிள்ளை, அவரைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொருவனுடைய பொய்த் தகப்பனைச் சொல்லிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் இருக்கிறாள். அழுகை வந்தது. எழும்பிப்போய் அத்தானின் கோட்டுக் கழுத்தைப் பிடித்து உலுப்பவேண்டும்போலவும் வந்தது. வாய் திறக்கக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மடாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்ல, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: “சரி இந்திரா, அப்பாவை விடு. ட்ரக் பழுது, பட் விமானம் ஒரு மணித்தியாலத்தில் கிளம்புது. சோ, நீ என்ன செய்வாய்?”

இதைவிடச் சுலபமான கேள்வியை யாராலும் கேட்க முடியாது. பதிலை அவள் அந்த மாரியில் வாழ்ந்தே காட்டினவள். கதவைத் திறந்து வைத்து, வா என்று மடாம் கூப்பிட்ட கேள்வி அது.

அக்கா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. “ஓல்தோ த ட்ரக்…” என்றாள். நின்றாள். “ஓல்தோ த ட்ரக்… நெவர்தலெஸ்…” கொளுக்கிகள் இருந்தன, கொளுவ ஒன்றும் வரவில்லை. கழுத்தில் வேர்வை இறங்கினது. பிறகு, கடவுளே, அவளும் சுவரைப் பார்த்து, “ஓல்தோ ஐ வோஸ் போர்ன்…” என்று முதலிலிருந்து தொடங்கினாள்.

இந்தமுறை மடாம் சிரிக்கவில்லை. “போதும் இந்திரா, மெர்சி” என்றாள்.

வேலை, நாலாவதாக வந்த மரிசெல்லுக்குப் போனது. அதே கேள்விக்கு அவள் சொன்ன பதிலை நான் கேட்டேன். ட்ரக் பழுது, சோ மற்ற ட்ரக்கைக் கூப்பிடுவேன். அதுவும் இல்லை, சோ விமானக் கொம்பனிக்கு ரெலிபோன் அடிப்பேன், பிகோஸ் அவர்களுக்கு முதலே தெரியவேண்டும். முடிந்தது கதை. வெளியே வரும்போது மடாம் என் கையைப் பிடித்து, “இந்திராவுக்கு என்ன நடந்தது? அவள் நன்றாகக் கதைக்கிறவள் ஆச்சே” என்று கேட்டாள். இன்னொருமுறை கூப்பிட முடியாதா என்றேன். புள்ளி போட்டாயிற்று, ஒருத்திக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்றவேண்டும் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தோம். அத்தான் வாசலிலேயே நின்றார். வேலை கிடைத்ததா என்று அந்த மனிதர் கேட்கவில்லை.

“நெவர்தலெஸ் சொன்னனீயோ?”

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பொறுமை விட்டது.

“சொன்னவ! மூண்டு பேரும் சொன்னவை! உங்கடை ஸ்ரேஷன் மாஸ்ரருக்கு மூண்டு பெட்டையளும் பிறந்திட்டினம், போய்ப் பேர் வையுங்கோ! மடாம் விழுந்து விழுந்து சிரிச்சவ. அக்கா திரும்பவும் ஐசுக்குள்ளை போறா. சந்தோசமோ?”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். தலையை ஒருபக்கம் சரித்து, எனக்கும் பாடம் எடுத்தார்.

“வித்தியா, உவை பிரெஞ்சுக்காரர். எங்கடை இங்கிலீஸ் தரத்தைக் கண்டு பயந்திட்டினம். எங்களை மேலை விட அவைக்கு மனமில்லை.”

சீ, என்ன சீவன் இது என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிப்போனேன்.

வந்த சனிக்கிழமையும் வகுப்பு நடந்தது. மனிதருக்கு வெட்கம் என்பது ஏதாவது ஒரு கடையில் விற்றாலும் வாங்கமாட்டார். அஜந்தா வந்திருந்தாள், வினோஜா வரவில்லை. நான் அன்றைக்கு வேண்டுமென்றே கீழே இறங்கிப்போய்ப் படியில் குந்தினேன். கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் தொடங்கினார்.

“எங்கடை பிள்ளையளுக்கு அநியாயம் நடந்திருக்கு. அவையின்ரை இங்கிலீசைக் கேட்டு அந்த மனேஜர் பயந்துபோனா. நெவர்தலெஸ், நாங்கள் சோரக்கூடாது. பதிலிலை ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறன். ஸ்ரேஷன் மாஸ்ரர் எண்ட இடத்திலை இனிப் போஸ்ற் மாஸ்ரர். எழுதுங்கோ.”

எழுதத் தொடங்கினார்கள். சத்தியமாக, குனிந்து எழுதத் தொடங்கினார்கள். அஜந்தாவும் எழுதினாள். எனக்கு அந்த மனிதரிலே இருந்த ஆத்திரம் அந்தக் குனிந்த தலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்போது அக்கா தேத்தண்ணித் தட்டோடு படியால் இறங்கி வந்தாள். என்னைத் தாண்டி, வகுப்புக்கு நடுவில் போய் நின்றாள். விரல் மடியாததால் தட்டை இரண்டு முன்கையாலும் தாங்கியிருந்தாள். அத்தான் பலகையில் எழுதிக்கொண்டே தன் கோப்பைக்குக் கையை நீட்டினார். அக்கா தட்டைக் கொடுக்கவில்லை.

“நோ,” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் அவள் அவரிடம் ஆங்கிலத்தில் கதைத்ததை நான் அதுவரை கேட்டதில்லை.

“மடாம் நோ பயம். மடாம் லாஃப். யூ சிற் வோர்ம் ரூம், யூ டோக், டோக், டோக். சோ ஐ கோ பாக் கோல்ட் ரூம்.” ஒரு இடத்திலும் நிற்கவில்லை. “மை ஃபாதர் சைக்கிள் ஷொப். குட் மான். யூ த்ரோ மை ஃபாதர், பிகோஸ் யூ ஷேம் யுவர் ஃபாதர்.”

பேனைகள் நின்றுவிட்டன. அங்கே இருந்த அத்தனை பேருக்கும், நேற்று வந்தவனுக்கும்கூட, ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. அந்தப் பேஸ்மென்றில் ஆங்கிலம் எல்லோருக்கும் விளங்கினது அதுதான் முதல்தரம்.

அத்தானின் கையில் மார்க்கர் அப்படியே நின்றது.

“இந்திரா, சனத்துக்கு முன்னாலை… எல்லாரும் போகட்டும், பேந்து கதைப்பம்” என்றார்.

“நோ பேந்து” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி முழுவதையும் ஏந்திக்கொண்டு அக்கா மேலே ஏறிப்போனாள். அஜந்தா தன் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். மற்றவர்கள் இருந்தார்கள். அடுத்த கிழமையும் வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். போஸ்ற் மாஸ்ரரின் பிள்ளைகள் இந்த நகரத்தில் எந்தெந்த வாசல்களில் போய் நிற்கப்போகின்றனவோ.

திங்கட்கிழமை விடிய நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் டோர்வலுக்குப் போனோம். அவள் இரண்டு சுவெற்றரை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் வெள்ளை அங்கியைப் போட்டாள். கையுறைக்குள் விரல் போகவில்லை, நான்தான் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன். கண்ணாடி அறைக்குள்ளே புதுக் கதிரையில் இருந்த மரிசெல் எங்களைக் கண்டுவிட்டு எழும்பி வந்தாள்.

“இந்திரா, யுவர் ஹான்ட் ஓகே?”

“நொட் ஓகே” என்றாள் அக்கா. “பட் ஐ வேர்க்.”

சொல்லிவிட்டு, குளிர் அறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.